புசானில் நான் சொன்ன இரண்டு பொய்கள்



போன மாதம் வட்டாரக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, எனக்கு எக்ஸ்சேஞ்ச் கிடைச்சிருக்கு. அடுத்த செமஸ்டர் கொரியா போறேன். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டாள். நானும் உற்சாகமாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். குளிர் சட்டை, சாம்பார்த் தூள், ஊறுகாய், சின்ன ரைஸ் குக்கர், பிளக் அடாப்டர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டது உறைத்தது. அவளுக்கு மட்டும் சொல்வதைவிட, வெளியூருக்குப் படிக்கப் போகும் எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மாதப் பாடத்தை நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கொஞ்சம் கூச்சமான கதைதான். இதில் தவறு செய்தது நான். அதனால் தாராளமாகவே எழுதலாம்.

கிள்ளானிலிருந்து ஒரு துறைமுக நகரத்துக்கு

நான் கிள்ளான்காரி. அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பல்கலைக்கழகத்தில் நான் எடுத்தது லாஜிஸ்டிக்ஸ். மூன்றாம் ஆண்டில் எக்ஸ்சேஞ்ச் வாய்ப்பு வந்தபோது யோசிக்காமல் புசானைத் தேர்ந்தெடுத்தேன். தென் கொரியாவின் மிகப் பெரிய துறைமுகம் அது. 20 அடிக் கண்டெய்னர் கணக்கில் ஆண்டுக்கு 20 மில்லியனுக்கும் மேல் கையாளுகிறது. அதில் ஏறக்குறைய பாதி, ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறிப் போகும் சரக்கு. நம் போர்ட் கிள்ளானிலும் அந்த வேலைதான் பெரிய வேலை. அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ அங்கேயும் நம்ம ஊரு மாதிரிதான் இருக்கும், போயிட்டு வா" என்றார்.

எக்ஸ்சேஞ்ச் என்றால் கட்டணம் நம் பல்கலைக்கழகத்துக்கே கட்டுவோம். அங்கே தனியாகப் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் விமான டிக்கெட், ஹாஸ்டல், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் நம் கைக்காசு. அம்மா கூட்டு பிடித்துச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பாதி அதற்குப் போனது. அந்த நினைப்போடுதான் 2023 ஆகஸ்டு கடைசி வாரம் சியோலிலிருந்து கேடிஎக்ஸ் விரைவு ரயில் ஏறி, மூன்று மணி நேரத்துக்குள் புசானில் இறங்கினேன்.

மலை ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். இடையில் நெருக்கி அடுக்கிய வீடுகள். 30 லட்சத்துக்கும் மேல் மக்கள். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் அரசாங்கமே இங்கே இடம் பெயர்ந்து வந்து இதைத் தற்காலிகத் தலைநகராக வைத்திருந்தது. உயிர் பிழைக்க ஓடி வந்த அகதிகள் மலைச்சரிவுகளில் குடிசை போட்டார்கள். இன்று சுற்றுப்பயணிகள் படம் எடுக்கப் போகும் காம்சோன் கிராமம் அப்படி நிரம்பிய இடங்களில் ஒன்றுதான். என் ஹாஸ்டல் தேயோன் பகுதியில் இருந்தது. அரை மணி நேரம் நடந்தால் குவாங்கல்லி கடற்கரை. இரவில் கடலின் குறுக்கே குவாங்கான் பாலம் விளக்கோடு நிற்கும். முதல் இரண்டு வாரம் தினமும் அங்கே போய் உட்கார்ந்து அம்மாவிடம் போனில் பேசுவேன். நமக்கும் அவர்களுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம்.

முதல் பொய்

செப்டம்பர் 18ஆம் தேதி புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம். பாட்டி காலத்துப் பழக்கம். நான் பிறந்ததிலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை. மாட்டிறைச்சி எப்போதுமே கிடையாது.

அந்த வாரமே எங்கள் அசைன்மென்ட் குழுவை ஒரு சீனியர் சாப்பிட அழைத்துப் போனார். புசானுக்கு வருகிறவர்கள் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று அவர்கள் சொல்வது த்வேஜி குக்பாப். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த வெள்ளைச் சாறு, அதில் சோறும் இறைச்சியும். போர்க்காலத்து அகதிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் உணவு. அவர்களுக்கு அது ஊர்ப் பெருமை. கேட்காமலேயே ஐந்து பேருக்கும் சொல்லிவிட்டார் சீனியர். ஆவி பறக்கும் சட்டி என் முன்னால் வந்து உட்கார்ந்தது.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "இது எங்களுக்கு விரத மாதம்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி "ஏன்?" என்று வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருபத்திரண்டு வயது, பத்து வருடத் தேவார வகுப்பு, திருமுறை ஓதும் போட்டியில் வாங்கிய கோப்பைகள் எல்லாம் இருந்தும், "ஏன்" என்பதற்கு ஒரு வாக்கியம் இல்லை. வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதே இல்லையே.

"எனக்கு இறைச்சி அலர்ஜி" என்றேன்.

அவ்வளவுதான். மேசையே பதறிவிட்டது. சட்டியை உடனே தள்ளி வைத்தார்கள். சீனியர் மன்னிப்புக் கேட்டார். என் ரூம்மேட்டும் அந்தக் குழுவில் இருந்தாள். அவள் எழுந்து போய்க் கடைக்கார அம்மாவிடம் என்னவோ சொல்லி, வெறும் சோறும் கீரையும் வாங்கி வந்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவு சுலபமா என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பொய்யை என் ரூம்மேட் கையில் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் எனக்கு முன்னால் போய், "இவளுக்கு அலர்ஜி, சாற்றில் இறைச்சி இருக்கிறதா" என்று கேட்பாள். கொரியாவில் உணவுப் பாக்கெட்டுகளில் அலர்ஜி தரக்கூடிய பொருள்களைத் தனியாக அச்சடித்திருப்பார்கள். மாடு, பன்றி, கோழி, முட்டை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். அவள் ஒவ்வொரு பிஸ்கட் பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்து, "இது ஓகே, இது வேணாம்" என்று பிரித்து வைப்பாள். நான் "தேங்க்ஸ்" சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நிலா நாளில் வாய் மூடியது

செப்டம்பர் 29 சுசோக். கொரியர்களின் மிகப் பெரிய குடும்ப நாள். எட்டாம் மாதத்துப் பௌர்ணமி. ஹாஸ்டல் காலியாகிவிடும் என்று ரூம்மேட் என்னை ஜின்ஜுவில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

முதல் நாள் இரவு எல்லாரும் உட்கார்ந்து சோங்ப்யோன் பிடித்தோம். அரிசி மாவைக் கையில் தட்டி, உள்ளே எள்ளும் சர்க்கரையும் வைத்து, பிறை மாதிரி மடித்து, பைன் இலை பரப்பி ஆவியில் வேகவைப்பார்கள். நம் கொழுக்கட்டைதான். பத்து நாளைக்கு முன் விநாயகர் சதுர்த்திக்கு அம்மா வீடியோ காலில் காட்டிய அதே கைவேலை. மறுநாள் காலையில் முன்னோர்களுக்குப் படையல். பழம், சோறு, பலகாரம் எல்லாம் ஒழுங்காக அடுக்கி, பாட்டியிலிருந்து பேரப்பிள்ளை வரை தரையில் விழுந்து வணங்கினார்கள். அந்தப் பௌர்ணமிக்கு அடுத்து நமக்கும் மகாளய பட்சம் தொடங்குகிறது. அக்டோபர் 14 மகாளய அமாவாசை. தாத்தாவுக்கு அப்பா தர்ப்பணம் கொடுப்பார். அதே நிலாவின் வளர்பிறையில் அவர்கள் முன்னோரை நினைக்கிறார்கள், தேய்பிறையில் நாம் நினைக்கிறோம். சொல்ல எவ்வளவு இருந்தது!

ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு புரட்டாசிக்குப் போகும், அங்கிருந்து சைவத்துக்குப் போகும், என் அலர்ஜி வெளியே வந்துவிடும். சமையலறையில் அவள் அம்மா எனக்காகவே தனியாக அடுப்பு வைத்துக் காய்கறி தோசை மாதிரி ஒன்று ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

தம்பி தங்கைகளே, பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் நமக்குச் சின்ன வயதில் சொல்லித் தருகிறார்கள். மாட்டிக்கொள்வதற்கு முன்பே ஒரு நஷ்டம் வந்துவிடுகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் பாட்டியோடு பேசியிருக்கக்கூடிய பேச்சு எனக்கு இல்லாமல் போயிற்று.

இரண்டாவது பொய்

அக்டோபர் 9 ஹங்குல் நாள். 1446இல் மன்னர் சேஜோங் காலத்தில் கொரிய எழுத்து வெளியிடப்பட்டதைக் கொண்டாடும் அரசு விடுமுறை. அந்த வாரம் கொரிய மொழி வகுப்பில் ஒவ்வொருவரும் தம் தாய்மொழியைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

இப்போது என்னை யாரும் பிடிக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் எத்தனை முறை வந்திருக்கிறது! கொரியமே தமிழிலிருந்து வந்தது, அவர்களும் அப்பாவை "அப்பா" என்கிறார்கள், அம்மாவை "ஒம்மா" என்கிறார்கள், அவர்களுடைய ராணி ஒரு தமிழ் இளவரசி. எல்லாவற்றையும் படம் போட்டு அடித்து விட்டேன். "உங்கள் மொழிக்குத் தாய் எங்கள் மொழி" என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

ஆசிரியை கோபப்படவில்லை. வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, "நீ சொன்னது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? படிக்க ஆசையாக இருக்கிறது" என்றார். வாட்ஸ்அப் என்று எப்படிச் சொல்வது? "பார்த்துச் சொல்கிறேன்" என்று நழுவினேன். அன்றிரவு நூலகத்தில் உட்கார்ந்தேன்.

கிடைத்தது இதுதான். கொரியத்துக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்று ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இல் ஒரு ஒப்பிலக்கணமே எழுதியிருக்கிறார். ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக அந்த உறவை ஏற்பதில்லை. அப்பா, அம்மா என்ற ஒற்றுமை மட்டும் போதாது. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் ப, ம என்பதால் உலகத்தில் எத்தனையோ மொழிகளில் பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் இப்படித்தான் இருக்கின்றன. மலாயில் "பாப்பா", "எமாக்" என்று சொல்லித்தானே வளர்ந்தோம்? அது எனக்குத் தோன்றவே இல்லை.

ராணி கதை? சம்குக் யுசா என்ற நூலில் ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி கி.பி. 48இல் "அயுதா" என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்து கயா நாட்டு மன்னர் சுரோவை மணந்தாள் என்று இருக்கிறது. அந்த நூலை இரியோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்தது 13ஆம் நூற்றாண்டில். நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு 1,200 ஆண்டு கழித்து. அயுதா என்பது அயோத்தி என்று சிலர் சொல்கிறார்கள், தமிழகத்து ஆய் நாடு என்று சிலர் சொல்கிறார்கள், வெறும் கதை என்று சிலர் சொல்கிறார்கள். முடிந்த முடிவு கிடையாது. நானோ முடிந்த முடிவாகச் சொல்லிக் கைதட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னால் அதுவும் பொய்தான். முதல் பொய்யில் என்னைக் குறைத்துக் காட்டினேன், இரண்டாவதில் கூட்டிக் காட்டினேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். என்னுடையது என்ன என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

கோழிக் கடை

அந்த ஆண்டு புரட்டாசி முடியும்போதே நவராத்திரி வந்துவிட்டது. விஜயதசமி வரை சைவம். அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மலேசிய மாணவர்கள் நாலு பேர் குவாங்கல்லியில் ஒரு பொரித்த கோழிக் கடைக்குப் போனோம். ஒன்றரை மாதம் கழித்துக் கோழி. முதல் துண்டைக் கடித்தேன்.

கடற்கரையில் நடந்து வந்த ரூம்மேட் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். என் கையிலிருந்த துண்டைத் தட்டிவிட்டாள். "எவ்ளோ சாப்பிட்ட? மூச்சு விட முடியுதா?" என்று கத்தினாள். அவள் கையில் போன். ஆம்புலன்சுக்கு 119 அழுத்தப் போகிறாள். கடையே எழுந்து நின்று பார்க்கிறது.

"எனக்கு அலர்ஜி இல்ல" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். போனைப் பையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் ஒரே அறையில் பேச்சில்லை. மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு அவளே ஆரம்பித்தாள். "நீ எதைச் சாப்பிடுற, எதைச் சாப்பிடலங்கிறது எனக்குப் பிரச்சனை இல்ல. சுசோக்குக்கு எங்கம்மா உனக்காகப் புதுசா ஒரு வாணலி வாங்கினாங்க. பழைய வாணலியில இறைச்சி பட்டிருக்கும், உனக்கு ஏதாவது ஆயிடும்னு."

எனக்கு அழுகை வந்தது. அப்புறம் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். புரட்டாசி, பெருமாள், பாட்டி, பயம் எல்லாம்.

"இவ்ளோதானா?" என்றாள். "எங்க பாட்டியும் சில நாள் இறைச்சி சாப்பிட மாட்டாங்க. கோயில் சாமியார்கள் வெங்காயம் பூண்டுகூடச் சாப்பிட மாட்டாங்க. நீ சொல்லியிருந்தா எங்களுக்குப் புரிஞ்சிருக்குமே."

உள்ளதைச் சொன்னபோது

மறுநாளே ஏன் என்ற கேள்வியோடு உட்கார்ந்தேன். இணையத்தில் தேடினால் புரட்டாசிச் சைவத்துக்குச் செரிமானம், வெயில், கிருமி என்று ஆயிரம் "அறிவியல் காரணம்" வருகிறது. ஒருமுறை சூடுபட்ட பூனை நான். அவற்றைத் தொடவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். பாட்டியிடம் கொடுக்கச் சொன்னேன்.

பாட்டி சொன்னார்: "நாக்குதான் நம்மள ரொம்ப ஆட்டிப் படைக்குது கண்ணு. ஒரு மாசமாவது அத அடக்கிட்டு சாமிய நினைக்கணும்னு எங்கம்மா சொன்னாங்க. அந்த ஒரு மாசம் நம்மளால ஒரு உசிரு போகலன்னா அதுவும் நல்லதுதானே."

இதுதான் பதில். இரண்டே வாக்கியம். திருக்குறளில் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமும் கொல்லாமை என்று ஓர் அதிகாரமும் இருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். அதையும் பாட்டியையும் இணைத்துப் பார்க்க எனக்குப் புசான் தேவைப்பட்டது.

அடுத்து வகுப்பு. ஆசிரியையிடம் போய், திருத்திச் சொல்ல ஐந்து நிமிடம் கேட்டேன். இவ்வளவு கதை, இவ்வளவு வரலாறு, இது முடிவாகாதது என்று பிரித்துச் சொன்னேன். பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொன்னேன். தமிழுக்கு 2,000 ஆண்டுக்கும் மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. மலேசியாவில் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது. இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, நான் அவற்றில் ஒன்றில் படித்தவள். இந்த முறை கைதட்டல் குறைவு. கேள்விகள் அதிகம். தோட்டத்தில் எப்படிப் பள்ளிக்கூடம் வந்தது, வீட்டில் எத்தனை மொழி பேசுவீர்கள் என்று அரை மணி நேரம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

ராணி கதையைக் கண்ணால் பார்க்கலாம் என்று ரூம்மேட்டோடு கிம்ஹேவுக்கும் போனேன். புசானின் சாசாங்கிலிருந்து லைட் ரயில் ஓடுகிறது. பச்சைப் புல் மூடிய மேடாக ராணியின் கல்லறை, பக்கத்தில் அவள் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கல் அடுக்கு. எங்கிருந்து வந்தவளாக இருந்தாலும், கடல் கடந்து வந்த ஒரு பெண்ணை இன்றுவரை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது. திரும்பும் வழியில் தோங்சாங் பகுதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கடைகளில் ரவையும் முந்திரியும் நெய்யும் வாங்கினோம்.

நவம்பர் 12 ஞாயிறு தீபாவளி. விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, ஹாஸ்டல் பொதுச் சமையலறையில் கேசரி கிண்டினேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. "உனக்கு இங்க கோயில் இல்லல்ல, எங்க கோயிலுக்கு வா" என்று ரூம்மேட் என்னைக் கடலோரத்தில் பாறை மேல் இருக்கும் ஹேதோங் யோங்குங்சாவுக்கு அழைத்துப் போனாள். 1376இல் நிறுவப்பட்ட பௌத்தக் கோயில். கடலை நோக்கி 108 படி இறங்க வேண்டும். அந்த வியாழக்கிழமை நாடு முழுக்கப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. எங்கு பார்த்தாலும் அம்மாக்கள், பிள்ளைகளுக்காக விழுந்து விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்பிஎம் சமயத்தில் நம் கோயில்களில் நிற்கும் அம்மாக்களின் முகம்தான்.

"ஏன் 108?" என்று நான் கேட்டேன். மனிதனை அலைக்கழிக்கும் 108 ஆசைகள் என்று சொல்வார்கள் என்றாள். "எங்க ஜபமாலையிலும் 108 மணி" என்றேன். அவளுடைய பாட்டியிடம் சொல்லாமல் விட்ட பேச்சு அந்தப் படிகளில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது.

மாலையில் அவள் அம்மாவுக்கு வீடியோ கால் செய்து, மனப்பாடம் பண்ணி வைத்திருந்த கொரிய வாக்கியத்தில் மன்னிப்புக் கேட்டேன். "வாணலிக்காக ரொம்ப ஸாரி ஆன்ட்டி" என்று முடித்தேன். அவர் சிரித்துவிட்டார். "அது நல்ல வாணலி. நான் தினமும் அதுலதான் முட்டை பொரிக்கிறேன்" என்றார்.

என் துறையில் ஒரு பாடம் உண்டு. கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் சரியாக இருக்க வேண்டும். ஆபத்தான சரக்கைச் சாதாரணச் சரக்கு என்று பொய்யாக எழுதியதால் நடுக்கடலில் தீப்பிடித்த கப்பல்கள் உண்டு. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தால் எந்தத் துறைமுகமும் அதற்கேற்ற இடம் கொடுக்கும். என் பத்திரத்தை நானே தப்பாக நிரப்பிவிட்டு, மற்றவர்கள் என்னைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று பயந்திருந்தேன்.

போகும் முன் செய்ய வேண்டியவை

1. வீட்டில் கடைப்பிடிக்கும் மூன்று பழக்கங்களை எழுதுங்கள். விபூதி, பொட்டு, வெள்ளிக்கிழமைச் சைவம், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் "ஏன்" என்று பெரியவர்களிடம் கேட்டு, இரண்டு வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். அதை ஆங்கிலத்திலும் சொல்லிப் பழகுங்கள்.

2. கொரியாவில் 90 நாளுக்கு மேல் தங்கிப் படிக்க மாணவர் விசா வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு அது டி-2 வகை. போய் இறங்கிய 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2021 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் தேசிய மருத்துவக் காப்புறுதி கட்டாயம். மாதாமாதம் கட்டும் தொகையைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று நம் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வாய் வார்த்தை போதாது.

4. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனம்: இறைச்சித் துண்டை எடுத்துவிட்டாலும் சாறு நெத்திலியில் காய்ச்சியதாக இருக்கும். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ இறாலோ சேரும். "இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டேன், என் மத நம்பிக்கை" என்று கொரிய மொழியில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "அலர்ஜி" என்று எழுதாதீர்கள்.

5. வழி தேட நேவர் மேப்பைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அங்கே நடந்து போகும் வழிக்கு அதுதான் கைகொடுக்கும். டிசம்பரில் புசான் சியோல் அளவுக்கு உறையாது. ஆனால் கடல் காற்று எலும்பைத் தொடும்.

6. நீங்கள் இருக்கப் போகும் மாதங்களில் வரும் நம் திருநாள்களையும் அவர்களுடைய திருநாள்களையும் ஒரே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

வகுப்பில் பேசுவதற்கு

அ. வேறு இனத்து நண்பர்களிடம் உங்கள் பழக்கத்தை மறைத்த சம்பவம் உண்டா? எதற்குப் பயந்தீர்கள்?

ஆ. தமிழைப் பற்றியோ நம் சமயத்தைப் பற்றியோ வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பெருமைச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எது வரலாறு, எது கதை, எது இன்னும் முடிவாகாதது? அடுத்த வாரத்துக்குள் தேடிக் கொண்டுவாருங்கள்.

இ. உங்கள் வகுப்பில் அல்லது வேலையிடத்தில் இருக்கும் மலாய், சீன நண்பர் ஒருவரின் ஒரு வழக்கத்துக்கு "ஏன்" என்று கேட்டிருக்கிறீர்களா? இந்த மாதம் கேளுங்கள்.

ஈ. உங்கள் பாட்டியோ தாத்தாவோ சொல்லும் இரண்டு வாக்கியப் பதில் ஒன்றைக் கொண்டுவந்து வாசியுங்கள்.

கொரியா போகும் தங்கைக்கு: நேற்று உனக்கு அனுப்பிய பட்டியலில் ரைஸ் குக்கருக்கு மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறேன், பார்த்துக்கொள். அந்த ஊர் பிடித்துப்போகும். போய்ச் சேர்ந்ததும் அக்காவுக்கு ஒரு மெசேஜ் போடு.